மவுண்டன் பைக் ரேஸ் பார்க்கும்போது கையில் ஒரு பேனா

டெல்டாவில் மேடு என்றால் ஆற்றங்கரையும் பாலமும்தான். அதனாலோ என்னவோ, கும்பகோணம் டீக்கடையில் கிராஸ்கன்ட்ரி ரேஸ் (ஏற்ற இறக்கமான கரடுமுரடு பாதையில் பல சுற்று ஓட்டும் மவுண்டன் பைக் பந்தயம்) பேச்சு வந்தால் ஏற்றத்தைப் பற்றியே சண்டை போடுகிறோம்.

அடுத்த முறை ஒவ்வொரு சுற்றிலும் முன்னணி ஆட்களுக்கு நடுவே உள்ள நேர இடைவெளியை இரண்டு இடத்தில் குறியுங்கள்: ஏற்றத்தின் உச்சியில் ஒன்று, இறக்கம் முடிந்ததும் ஒன்று. யார் மிதித்துப் பிடித்தார், யார் வளைவில் பிடித்தார் என்பது தெரிந்துவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் டயர் பஞ்சராகி அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியும், கடைசிச் சுற்றில் முந்தித் தங்கம் வென்றார். அந்த மாதிரி ரேஸுக்கு இந்தக் கணக்கு ரொம்ப ருசி.

எந்த டயர் நல்லது என்று விவாதமா? மழை விட்ட மறுநாள் வாய்க்கால் கரையில் ஓட்டிப் பாருங்கள். பட்டன்கள் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) நெருக்கமாக உள்ள டயரில் வண்டல் அப்பிக்கொண்டு நகரவே நகராது.