கழுத்தை நெரித்த வெட்சூட்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் சர்வதேச டிரையத்லான் போட்டிக்குத் தயாராகும்போது தொல்லைகள் வரிசை கட்டி வந்தன. முதலில் முழங்கால். சைக்கிளில் மேடு ஏறினால் முட்டியின் முன்பக்கம் குத்தும். சீட்டைச் சற்று உயர்த்தி, லேசான கியரில் வேகமாக மிதிக்க ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது.

உண்மையில் படுத்தியது நீச்சல்தான். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். நீச்சல் குளத்தில் அந்தத் தூரம் எனக்குப் பெரிய விஷயமில்லை. குளிர்ந்த ஏரியில் வெட்சூட்டோடு (குளிரைத் தாங்க உடம்போடு ஒட்டி அணியும் ரப்பர் உடை) இறங்கினால்தான் மூச்சு முட்டும். யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே போனால் வெட்சூட் கட்டாயம், ஆகவே கழற்றி எறியவும் வழியில்லை.

சரி என்று, மாட்டும் முறையை மாற்றினேன். கால் பகுதியைக் கவட்டை வரை இழுத்து ஏற்றிவிட்டு, இடுப்பு, மார்பு, தோள் என்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளினேன். தோளில் தளர்வு கிடைத்ததும் கழுத்துப் பட்டையின் இறுக்கம் போய்விட்டது. (நகம் பட்டால் ரப்பர் கிழியும்; விரல் சதையால்தான் இழுக்க வேண்டும்.)

அப்புறம் குளிர். முகத்தை நனைத்து, கழுத்துப் பட்டையை விரித்துக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, மூச்சு நிதானமாகும்வரை அசையாமல் நிற்பேன். அந்தத் திணறல் ஓரிரு நிமிடங்களில் தானாகத் தணிந்துவிடும். நீந்தும்போது மூச்சை நீருக்குள்ளேயே முழுவதுமாக விட்டுவிடுவேன். முன்கூட்டியே தண்ணீரில் இறங்க விடாத போட்டிகளில், கரையிலேயே பாட்டில் தண்ணீரை முகத்திலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்கிறேன்.