வாய்மை: ஓர் அறப்பண்பைக் குழந்தைக்குப் பெயராகச் சூட்டும் முன்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அண்ணன் மகள், ஏழாம் மாதத்தில் ஒரு நாள் தொலைபேசியில், "அத்தை, பொண்ணா இருந்தா வாய்மைன்னு பேர் வைக்கலாமா?" என்று கேட்டாள். பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக நெடுங்காலம் வருகைப் பதிவேட்டை வாசித்த எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. என் பதிவேடுகளில் அன்பரசன் இருந்தான், அருட்செல்வி இருந்தாள், அறிவழகன் பலமுறை வந்து போனான். வாய்மை ஒருமுறைகூட வந்ததில்லை. அவளுக்காகத் தேடிப் பார்த்து நான் வகுத்துக்கொண்ட வழியை இங்கே எழுதுகிறேன். வேறொரு பண்பைப் பெயராக்க எண்ணுகிறவர்களும் இதே வழியில் நடந்து பார்க்கலாம்.

முதலில் சொல்லின் பொருளைத் துல்லியமாக அறிந்துகொள்ள வேண்டும். "உண்மை என்று பொருள்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வது போதாது, ஏனெனில் அந்தக் குழந்தை எட்டு வயதில் வந்து, "உண்மைன்னே வச்சிருக்கலாமே?" என்று கேட்கும்போது விடை வேண்டும். உள்ளத்தில் பொய் இல்லாதிருப்பது உண்மை, வாயில் பொய் இல்லாதிருப்பது வாய்மை, உடலால் செய்யும் செயலில் பொய் இல்லாதிருப்பது மெய்ம்மை என்று நம் பெரியவர்கள் மூன்றாகப் பகுத்துச் சொல்வார்கள். இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. பழந்தமிழில் 'வாய்' என்ற சொல்லுக்கே உண்மை, தப்பாமை என்ற பொருள் இருந்தது. குறி தப்பாத வாளை 'வாய்வாள்' என்றும், பொய்க்காத சொல்லை 'வாய்மொழி' என்றும் புலவர்கள் பாடினார்கள். நினைத்தது கைகூடுவதை 'வாய்த்தது' என்று இன்றும் சொல்கிறோம். எனவே இந்தப் பெயருக்குள் பேசும் வாயும் இருக்கிறது, பொய்க்காமல் நிறைவேறுவதும் இருக்கிறது.

திருக்குறளில் வாய்மை முப்பதாவது அதிகாரம். அதன் முதற்குறளே ஒரு வரையறையைத் தருகிறது: "வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்." நடந்ததை நடந்தபடி சொல்வதோடு வள்ளுவர் நின்றுவிடவில்லை, அந்தச் சொல் எவருக்கும் தீங்கு தராததாகவும் இருக்க வேண்டும் என்கிறார். உண்மை என்ற பெயரில் ஒருவரைப் புண்படுத்தும் பேச்சுக்கு இந்தச் சொல்லில் இடமில்லை. சத்தியா என்ற பெயரிலிருந்து வாய்மையைப் பிரித்துக் காட்டும் நுட்பம் இதுதான் என்று நான் கருதுகிறேன். என் அண்ணன் மகளுக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன்.

எந்தப் பண்பை எடுத்துக்கொண்டாலும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் அச்சொல்லின் எல்லாப் பொருள்களையும் படித்துவிடுங்கள். இணையத்திலேயே கட்டணமின்றித் தேடலாம். பழைய பொருளுக்காக ஒரு சொல்லை விரும்புகிறோம், ஆனால் குழந்தை வாழப்போவது இன்றைய பொருளோடு. அடக்கம் அமரருள் உய்க்கும் என்று குறள் போற்றுகிறது. ஆயினும் இரங்கல் அறிவிப்புகளில் 'நல்லடக்கம்' என்று வாரந்தோறும் படிக்கும் நம் நாட்டில் அதை ஒரு குழந்தைக்குச் சூட்ட மனம் வராது. பொறை என்பது பொறுமையைக் குறிக்கும், சுமையையும் குறிக்கும்.

அடுத்து, சொல்லின் வரலாற்றையும் பெயரின் வரலாற்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சொல் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதாக இருக்கலாம், ஆனால் மனிதருக்குப் பெயராக அது நேற்று வந்ததாக இருக்கலாம். பண்பைப் பெயரில் வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் புலவர் பெயர்களில் நல் என்ற அடை நல்லந்துவனார் என்பதுபோல் முன்னே நிற்கிறது. அறுபத்துமூவரில் ஒருவர் மெய்ப்பொருள் நாயனார். சிவஞானபோதம் தந்தவர் மெய்கண்டார். உண்மையைப் பெயரில் தாங்கியவர்கள் இப்படி இருந்தும், நாயன்மார் பெயர்களிலும் ஆழ்வார் பெயர்களிலும் வாய்மை இல்லை. நம்மாழ்வாரின் நூலுக்குத் திருவாய்மொழி என்று பெயர் அமைந்தது, ஆளுக்கு அமையவில்லை.

பண்புப்பெயர்கள் குடும்பந்தோறும் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். வேதாசலம் மறைமலையடிகளாக மாறிய தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கத்தை 1916 என்று குறிப்பார்கள். இராமையா என்று பிறந்து அன்பழகனாக அறியப்பட்டவர் திராவிட இயக்கத் தலைவர்களில் ஒருவர். பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயாவுக்கு வந்தார், கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார், 1952 முதல் தமிழர் திருநாளை நடத்தினார். அந்தக் காற்றில் வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த அன்பரசன், அறிவழகன், இன்பவள்ளி ஆகிய பெயர்களைத்தான் நான் வகுப்பறையில் வாசித்தேன். ஒரு பெயரை வைக்கும் குடும்பம் இந்த வரலாற்றையும் சேர்த்தே குழந்தைக்குக் கொடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஆங்கிலேயத் தூய்மைவாதக் கிறித்துவர்கள் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் பேஷன்ஸ், புரூடன்ஸ், ஃபெய்த் என்று பெண் குழந்தைகளுக்குப் பண்புப்பெயர் சூட்டினார்கள். வாய்மைக்கு மிக நெருங்கிய வெரிட்டி என்ற பெயரும் இலத்தீன மொழியில் உண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. பினாங்கில் நம் சீன அண்டை வீட்டார் பெயர்களில் அடிக்கடி வரும் 'தெய்க்' என்ற அசைக்கு அவர்களின் ஹொக்கியென் மொழியில் அறப்பண்பு என்றே பொருள்.

இனி அருமையைப் பற்றி. அரிய பெயர் என்றாலே சிறந்தது என்று சில பெற்றோர் எண்ணுகிறார்கள்; அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பெயர் ஏன் அரிதாக இருக்கிறது என்ற காரணத்தைத் தேட வேண்டும். நாளிதழ்களின் பிறந்தநாள் வாழ்த்துகள், திருமண அழைப்பிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள், இரங்கல் அறிவிப்புகள் ஆகியவற்றைச் சில மாதங்கள் கவனித்தாலே நம் வட்டாரத்தில் ஒரு பெயர் வழங்குகிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, காரணத்துக்கு வருவோம். "அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு ஐந்துசால்பு ஊன்றிய தூண்" என்று சான்றாண்மை அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு. இந்த ஐந்து தூண்களில் அன்பு மட்டுமே மக்கள் பெயராகப் பரவியது. நாண் என்றால் இன்று வில்லின் நாண் முன்னே வந்து நிற்கிறது. ஒப்புரவு, கத்தோலிக்கத் திருச்சபையில் பாவமன்னிப்புப் பெறும் அருட்சாதனத்தின் பெயராகிவிட்டது. இரக்கத்தைக் குறித்த கண்ணோட்டம் இப்போது ஒருவருடைய கருத்து நிலையைக் குறிக்கிறது. வாய்மை ஒன்றுதான் பழைய பொருள் கலையாமல், தமிழ்நாட்டு அரசு முத்திரையில் 'வாய்மையே வெல்லும்' என்று எழுதப்பட்டு எல்லோருக்கும் விளங்கும் சொல்லாகவே இருக்கிறது. விளங்காததால் அரிதான பெயரைக் குழந்தை வாழ்நாள் முழுவதும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். எல்லோருக்கும் விளங்கியும் எவரும் சூட்டாததால் அரிதான பெயருக்கு அந்தச் சுமை இல்லை. வாய்மை இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதால்தான் நான் அதை ஆதரித்தேன்.

ஆதரித்தாலும் குறையை மறைக்கக் கூடாது. பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது குழந்தைகளின் இயல்பு. வாய்மையைச் சுருக்கினால் வாய் என்றாகும், அங்கிருந்து வாயாடிக்கு ஓர் அடிதான். இதைத் தடுக்க வழி, வீட்டாரே முதலில் ஒரு செல்லப்பெயரைப் பழக்கிவிடுவது. நங்கை என்பது விளிக்கும்போது நங்காய் என்றாவது போல வாய்மை வாய்மாய் என்றாகும். அடுக்களையிலிருந்து கூப்பிடும்போது அது தானாகவே 'வாய்மா' என்று குறுகி இனிமையாக ஒலிக்கும். வாய்மைச்செல்வி என்று நீட்டலாமா என்றும் அவள் கேட்டாள். நீட்டினால் உரோமன் எழுத்தில் மிக நீளும், சந்தி எழுத்தால் எழுத்துக்கூட்டலும் குழம்பும். தனிச்சொல்லாக இருப்பதே நன்று.

நம் நாட்டில் பெயர் வாழப்போவது பெரும்பாலும் உரோமன் எழுத்திலும் மலாய் நாவிலும்தான் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அறம் என்ற உயர்ந்த சொல்லை உரோமன் எழுத்தில் எழுதினால், தடைசெய்யப்பட்டதைக் குறிக்கும் 'ஹராம்' என்பதற்கு மிக அருகில் ஒலிக்கிறது. மதி என்ற பெயரில் எச் என்ற எழுத்தை விட்டுவிட்டால், மலாயில் இறப்பைக் குறிக்கும் 'மாத்தி' ஆகிவிடும். வாய்மையில் அத்தகைய இடர் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பண்டாய், பந்தாய் போன்ற மலாய்ச் சொற்களில் 'ஆய்' என்ற ஈற்றொலி இருப்பதால், மலாய் ஆசிரியைக்கும் இந்தப் பெயர் எளிதில் வரும். பினாங்கு, கெடா பக்கத்து மலாய்ப் பேச்சில் 'மாய்' என்றால் வா என்று பொருள். இந்தப் பக்கத்தார் பெயரைக் கூப்பிடும்போதே வரச் சொல்வதுபோல் கேட்கும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்துக்கூட்டலை வி, ஏ, ஐ, எம், ஏ, ஐ என்று எளிமையாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். எண்கணித சோதிடத்துக்காக ஏ என்ற எழுத்தை இரட்டிப்பதும் இறுதியில் எச் சேர்ப்பதும், படிப்பவரைத் தடுமாறச் செய்வதைத் தவிர வேறு பயன் தருவதை நான் பார்த்ததில்லை.

நட்சத்திர எழுத்தைப் பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. ரோகிணிக்கு ஓ, வா, வி, வு என்பவை சொல்லப்படுவதால் வாய்மை அதற்குப் பொருந்தும். ஆனால் அஸ்தத்துக்குச் சொல்லப்படும் ட, ண ஆகியவை தமிழில் சொல்லின் முதலில் வராத எழுத்துகள். அத்தகைய நட்சத்திரத்தில் பிறந்த குழந்தைக்குத் தமிழ்ப் பண்புப்பெயர் வேண்டுமென்றால், மற்றப் பாதத்தின் எழுத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று குருக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ தொட்டிலிட்டுப் பெயர் சூட்டும் குடும்பங்களுக்கும் இந்தக் காலம் போதும். படிவத்தை நிரப்பும் முன், தந்தையின் பெயரோடும் இடையில் வழக்கமாக வரும் 'அனாக் பெரம்புவான்' (மகள்) என்பதோடும் சேர்த்து முழுப்பெயரை உரக்கப் பலமுறை சொல்லிப் பாருங்கள். சூராட் பெரானாக் என்னும் பிறப்புப் பத்திரத்தில் அச்சாகி வருவதை முகப்பை விட்டு நகருமுன் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழை பின்னாளில் அடையாள அட்டை வரைக்கும் தொடரும்.

சூராட் பெரானாக்கில் தமிழ் எழுத்து இருக்காது. அதனால் 'வாய்மை' என்று தமிழில் தெளிவாக எழுதி, குறளின் முதல் வரியையும் கீழே எழுதி, அந்தத் தாளைப் பத்திரத்தோடு ஒரே உறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை பதிவேட்டில் பெயரை ஏற்றும்போது, உரோமன் எழுத்தைப் பார்த்து 'வைமை' என்று எழுதிவிடாமல் இருக்க அந்தத் தாள் உதவும்.