ரோமின் சதுக்கங்களில் ஒரு நாள்: எந்த வேளையில் எங்கே நிற்பது

ரோம் நகரத்தார் தங்கள் சதுக்கங்களைப் பியாட்சா என்கிறார்கள். அவற்றைக் காணப் புறப்படுகிறவர் முதலில் திட்டமிட வேண்டியது வேளையைத்தான். வழி அதற்குப் பிறகு தானே அமைந்துவிடும். ஒவ்வொரு சதுக்கத்துக்கும் அது தன் இயல்போடு தெரியும் ஒரு பொழுது உண்டு; அந்தப் பொழுதைத் தவறவிட்டால் கட்டடங்களையும் கூட்டத்தையும் மட்டுமே பார்த்துத் திரும்ப நேரும். இங்கே சொல்லும் பாதை ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான் என்றாலும், இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

காலை எட்டு மணிக்குக் காம்போ தே ஃபியோரியில் தொடங்குங்கள். பெயருக்குப் பூக்களின் வயல் என்று பொருள். 1869 முதல் இங்கே காலைச் சந்தை கூடுகிறது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வந்தால், வியாபாரிகள் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய்கறியின் முரட்டு இதழ்களைச் சீவி எலுமிச்சை கலந்த நீரில் போடும் கைவேகத்தை நின்று பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது. மற்ற நாள்களிலும் பிற்பகலில் கடைகளைக் கட்டிவிடுவார்கள். கடைகளின் நடுவே முக்காட்டுடன் நிற்கும் வெண்கலச் சிலை சிந்தனையாளர் ஜோர்தானோ புரூனோவுடையது. திருச்சபையின் கோட்பாட்டுக்கு மாறான கருத்துகளுக்காக அவர் 1600 பிப்ரவரி 17 அன்று இதே இடத்தில் உயிரோடு எரிக்கப்பட்டார். சிலை 1889இல் எழுந்தது. தக்காளியும் துளசியும் மணக்கும் அந்த இடத்தில் இதை நினைத்தபடி சற்று நேரமாவது நிற்பதே முறை என்பது என் எண்ணம்.

பெருஞ்சாலையைக் கடந்து ஐந்து நிமிடம் வடக்கே நடந்தால் பியாட்சா நவோனா. நீரூற்றை நோக்கி உடனே விரைய வேண்டாம். முதலில் ஒரு கோடியில் நின்று சதுக்கத்தின் வடிவத்தைப் பாருங்கள்: ஒடுங்கி நீண்டு, வடக்கே அரைவட்டமாக வளைகிறது. தொமிசியன் பேரரசர் முதலாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய விளையாட்டரங்கின் களம் இது. பார்வையாளர் அமர்ந்த படிக்கட்டுகளின் மீதே பிற்காலத்து வீடுகள் எழும்பியதால் அரங்கின் உருவம் அப்படியே நிலைத்துவிட்டது. வடகோடியில் வெளிப்புறத் தெருவுக்குச் சுற்றிச் சென்றால், இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே பழைய வளைவு வாயிலைக் காணலாம்.

நடுவிலுள்ள நீரூற்றைச் சிற்பி பெர்னினி 1651இல் முடித்தார். நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகளாக டான்யூப், நைல், ரியோ தெ லா பிளாட்டா ஆகியவற்றோடு ஆசியாவுக்காக நம் கங்கையும் அமர்ந்திருக்கிறது. கங்கையை நாம் தாயாகவே அறிவோம்; இங்கே அது தாடி வைத்த ஆண், கையில் நீண்ட துடுப்பு. கப்பல் செல்லத்தக்க பெருநதி என்பதற்கு அந்தத் துடுப்பு அடையாளம். முகத்தை மூடியிருப்பது நைல், ஏனெனில் அதன் ஊற்றுக்கண் அன்றைய ஐரோப்பியருக்குத் தெரியாது. எதிரேயுள்ள, கட்டடக் கலைஞர் பொரோமினியின் தேவாலயத்தைக் காணச் சகியாமல் சிலைகள் கைகளை உயர்த்துகின்றன என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையை நம்பாதீர்கள். தேவாலயப் பணி தொடங்கியதே 1652இல்தான்.

அடுத்து, பண்டைய ரோமானியக் கோயிலான பாந்தியோன் எதிரே விரியும் பியாட்சா தெல்லா ரொதோந்தா. வெளியே மேசையில் அமர்ந்தால் காப்பியின் விலை பன்மடங்காகும். உள்ளே கல்லாமேடையருகே நின்று அருந்துவதே உள்ளூர் வழக்கம், விலையும் குறைவு. ஆயினும் ஏறக்குறைய பத்தொன்பது நூற்றாண்டுகளாக நிற்கும் அந்தத் தூண்களை எதிரே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அமர்வதற்கு ஒருமுறை அந்த விலையைக் கொடுக்கலாம். விலைப்பட்டியலை முன்பே பார்த்துவிடுங்கள்.

குடிநீரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தெருவோரம் நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய்களை, வளைந்த மூக்கு காரணமாக, நசோனே, அதாவது பெருமூக்கு என்பார்கள். 1874 முதல் நிறுவப்பட்டவை. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு துளை வழியாக நீர் பீறிடும், குனியாமல் குடிக்கலாம்.

பிற்பகல் வெயில் தணிந்ததும் பியாட்சா தி ஸ்பான்யாவுக்குச் செல்லுங்கள். 1720களில் கட்டப்பட்ட புகழ்பெற்ற படிகளில் ஏறலாம், உட்காரக் கூடாது. 2019 முதல் அதற்கு அபராதம் உண்டு. படிகளின் அடியிலுள்ள படகு வடிவ நீரூற்றைப் பார்த்துவிட்டு, வியா தெல் பாபுயினோ வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் பியாட்சா தெல் போபொலோ.

வடக்கிலிருந்து வந்த பயணிகளுக்கு நூற்றாண்டுகளாக ரோமின் வாசல் இதுவே. அகஸ்துஸ் எகிப்திலிருந்து கொணர்ந்த உயர்ந்த ஒற்றைக்கல் தூண் நடுவே நிற்கிறது. அதன் அருகிலிருந்து தெற்கே பார்த்தால் மூன்று தெருக்கள் விரிய, இடையே இரட்டைத் தேவாலயங்கள் தெரியும். ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றினாலும் இடப்பக்கத்து மனையின் அகலம் குறைவு என்பதால் அதன் குவிமாடத்தை நீள்வட்டமாக அமைத்து, கண்ணுக்கு இரண்டும் இணையாகத் தெரியச் செய்தார்கள். பொழுது சாயும் முன் கிழக்குப் படிகளேறிப் பின்சோ மேட்டுக்குப் போய்விடுங்கள். சூரியன் புனித பேதுரு பேராலயத்தின் பக்கம் இறங்கும்போது, கீழே சதுக்கத்தில் குடும்பம் குடும்பமாக மாலை உலா தொடங்கியிருக்கும். இருட்டியதும் இறங்கி அவர்களோடு, அந்த மூன்று தெருக்களில் நடுவிலுள்ள கோர்சோ தெருவில் நடக்கலாம்.