எந்த வகை நீரிழிவு, எந்த நாளிலிருந்து பரிசோதனை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இனிப்புநீர் நோயாளி ஒருவர்கூட இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. ஆயினும் பாட்டிக்கு வந்ததும் பேரனுக்கு வந்ததும் ஒரே நோய் என்றே பலரும் எண்ணுகிறார்கள். வகைகளை ஒப்பிட விரும்புபவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இன்சுலின் ஏன் போதவில்லை, உடனடி ஆபத்து எது, நாட்பட்ட பாதிப்புகளுக்கான பரிசோதனையை எப்போது தொடங்க வேண்டும். மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை.

அதற்கு முன் இரத்தச் சர்க்கரை அளவீட்டைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் காணொளிகளில் 126, 200 என்று சொல்லப்படுபவை மில்லிகிராம் கணக்கு. நம் கிளினிக்கில் எழுதித் தருவது மில்லிமோல் கணக்கு. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேலும், மற்ற நேரத்தில் 11.1 அல்லது அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கருதப்படும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுபரிசோதனை செய்தே உறுதிப்படுத்துவார்கள்.

முதல் வகையில், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. இது பெரும்பாலும் சிறுவர்களிடமும் இளையோரிடமும் தோன்றும்; சில வாரங்களிலேயே தீராத தாகமும், இரவில் படுக்கையை நனைப்பதும், சட்டை தொளதொளக்கும் அளவுக்கு மெலிவும் தெரியும். இன்சுலின் நின்றுபோனால் இரத்தம் அமிலமாகி, வாந்தியும் வயிற்றுவலியும் வேகமான ஆழ்ந்த மூச்சும் ஏற்படும். இதை வெறும் வயிற்றுக்கோளாறு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிள்ளை சாப்பிடாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. எந்த நாட்டு மருந்தும் அதற்கு ஈடாகாது என்பதை உறவினர்களிடம் சற்றுக் கண்டிப்பாகவே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாக இணங்காது. காலப்போக்கில் சுரப்பும் குறையும். பருமன், குடும்ப வழி, உடலுழைப்புக் குறைவு ஆகியவை முக்கியக் காரணங்கள். பால்மரம் வெட்டிய தலைமுறை காலையில் உழைத்துத் தீர்த்த சோற்றை, இன்று கடையில் அமர்ந்து கெட்டிப்பால் சேர்த்த தே தாரிக் தேநீருடன் சாப்பிடுபவரின் உடல் தீர்ப்பதில்லை. இவ்வகை பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்த பின்னரே வெளிப்படக்கூடும் என்பதால், நோய் தெரிந்த அன்றே சிலருக்குக் கண்ணிலோ சிறுநீரகத்திலோ பாதிப்பு தொடங்கியிருக்கும். ஆகவே இரண்டாம் வகையினர் கண், சிறுநீர், பாதம் ஆகிய மூன்றையும் முதல் சந்திப்பிலேயே பரிசோதித்து ஆண்டுதோறும் தொடர வேண்டும். முதல் வகையினருக்கு இப்பரிசோதனைகள் பொதுவாக நோய் தெரிந்து ஐந்தாம் ஆண்டு வாக்கில் தொடங்கும், சிறுவர்களுக்கு வயதைப் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால், அன்று மோட்டார் சைக்கிளை நீங்கள் ஓட்டாதீர்கள்.

கர்ப்பகால நீரிழிவு வேறு கணக்கு. அளவு இங்கே இன்னும் கண்டிப்பானது: வெறும் வயிற்றில் 5.1, சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8. கட்டுப்படுத்தாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறி வளரக்கூடும், பிறந்ததும் அதன் சர்க்கரை தாழக்கூடும். பிரசவத்தோடு சரியாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது; இத்தாய்மார்களுக்கு இரண்டாம் வகை வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான ஆறாவது வாரத்திலும் அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. ஸ்டீராய்டு மருந்தாலும் கணைய நோயாலும் வருபவை குறைவு. மருத்துவரிடம் பழைய மருந்துகளைக் காட்டினால் போதும்.

வகை எதுவானாலும் பாதத்தைத்தான் நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டும். நரம்பு மரத்துப்போனவருக்குச் செம்பனை முள் ஏறியதே தெரியாது. பூட்ஸுக்குள் ஈரத்தில் ஊறிய புண் நாற்றமடித்த பிறகுதான் கண்ணில் படும். வேலை முடிந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்; பூட்ஸைத் தட்டிக் கவிழ்த்த பிறகே மாட்டுங்கள். தைப்பூசத்திற்கு வெறுங்காலுடன் நடக்க நேர்ந்துகொண்டவர்கள், கிளினிக்கில் நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்த பிறகு முடிவெடுப்பது நல்லது. உணர்ச்சி குறைந்திருந்தால் வேண்டுதலை வேறு வகையில் நிறைவேற்றலாம், முருகன் கோபிக்க மாட்டார்.

மலேசியாவில் டயாலிசிஸுக்குச் செல்வோரிடையே நீரிழிவே முதன்மைக் காரணம். சிறுநீரகப் பாதிப்பு தொடக்கத்தில் வலியோ வீக்கமோ தராது. சிறுநீரில் கசியும் சிறிதளவு அல்புமின் புரதமே முதல் தடயம். எனவே கிளினிக்கில் சர்க்கரையை மட்டும் பார்த்து அனுப்பினால், "என் சிறுநீர் அல்புமின் எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, போன ஆண்டு எவ்வளவு?" என்று கேட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள் (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு). முதுகுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளின் பெயரையும் அப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; அவற்றுள் சில சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.