ஜப்பானியத் தோட்டங்களைப் படமெடுக்கையில் நேரும் பிழைகள்

ஜப்பானுக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் காட்டும் தோட்டப் படங்கள் பலவற்றில் குளம், பாலம், கல்விளக்கு எல்லாம் இருக்கும். அந்த இடத்தின் அமைதி மட்டும் இராது. பார்வையாளர் எங்கே அமர வேண்டும், எந்த இடத்தில் நின்று தலை நிமிர வேண்டும் என்பதையெல்லாம் தோட்டத்தை அமைத்தவர் முன்பே தீர்மானித்திருக்கிறார். அதைக் கவனியாமல் கேமராவை உயர்த்துவதிலிருந்தே பிழைகளில் பாதி தொடங்குகின்றன.

கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயிலில், வெண்சரளைப் பரப்பில் 15 கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கே அமர்ந்தாலும் அவற்றுள் ஒன்றேனும் கண்ணுக்கு மறைந்துவிடும். அவ்வாறு மறைப்பதே அமைப்பின் நுட்பமாக இருக்க, அனைத்தையும் அடக்கிவிடும் ஆசையில் வைட் ஆங்கிள் லென்ஸைப் பொருத்துவோருக்குச் சிறுத்துப்போன கற்களும் ஓரங்களில் இழுபட்ட சுவருமே கிடைக்கின்றன. ஒரு கற்குழுவையும் அதன் பின்னே எண்ணெய்க் கறை படர்ந்த மண்சுவரையும் மட்டும் எடுத்தால் போதும். அதையும் நின்றபடி எடுக்காமல், அமர்ந்தவரின் கண்மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். வெண்சரளையைக் கேமராவின் ஒளிமானி பெரும்பாலும் மங்கிய சாம்பலாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இருமடங்காக, கூட்டிக்கொள்வது நல்லது.

நடந்து காணும் தோட்டங்களில் காலடிக் கற்களே வழிகாட்டிகள். சிறியனவும் ஒழுங்கற்றனவுமான கற்கள் நம்மைக் குனிந்து நடக்க வைக்கின்றன. அகன்ற தட்டைக்கல் வந்ததும் கால் தானாக நிற்கிறது, தலை நிமிர்கிறது. படத்துக்குரிய இடம் பெரும்பாலும் அதுவே. கட்சுரா மாளிகைத் தோட்டத்தில் வழிகாட்டியுடன் குழுவாகத்தான் செல்ல முடியும் என்பதால், அங்கே லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க நேரமிராது.

தொலைவிலுள்ள மலையைத் தோட்டத்தின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ளும் உத்தியை ஜப்பானியர் 'ஷக்கெய்' என்பர். இரவல் காட்சி என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஜென் துறவி முசோ சோசெகி அமைத்த, கியோட்டோவின் தென்ரியூஜி கோயில் தோட்டம் அராஷியாமா மலையின் சரிவுகளை அப்படித்தான் இரவல் பெற்றிருக்கிறது. வைட் ஆங்கிள் லென்ஸில் குளம் பெருத்து மலை சுருங்கிவிடும். சற்றுப் பின்வாங்கி, 50 முதல் 85 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸில் எடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று இணையும்.

வெயிலுக்காகக் காத்திருப்பது இன்னொரு பிழை. மரக்கிளைகளின் ஊடாக விழும் நண்பகல் ஒளி பாசித் தரையைத் திட்டுத்திட்டாக்கிவிடுகிறது. சுமார் 120 வகைப் பாசிகள் வளரும் சைஹோஜி கோயில் தோட்டத்துக்கு, முன்பதிவு செய்துகொண்டு, ஜூன் மாத மழைக்காலத்தில் செல்வதே என் தேர்வு. ஈர இலைகளின் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டர் நீக்கிப் பச்சையை அடர்த்தியாக்கும். ஆனால் அதைக் கழற்ற மறந்து பொன்மாடக் கோயிலான கிங்காகுஜியின் குளத்தருகே சென்று, நீரில் தெரியும் பொன்மாடத்தின் பிரதிபலிப்பையும் சேர்த்து அழித்துவிடுவோர் உண்டு.

பல கோயில்களில் முக்காலிக்கு அனுமதியில்லை. ஆகவே கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டிக் கையிலேயே எடுக்கப் பழகியிருக்க வேண்டும். பாதையின் நடுவே கறுப்புக் கயிற்றால் கட்டிய சிறு கல் கிடந்தால், அதற்கு அப்பால் செல்லலாகாது என்று பொருள். அதை அலங்காரம் என்றெண்ணித் தாண்டிச் செல்லும் பயணிகள் பலர்.

தோட்டங்களுக்கு வெளியே, விளைநிலங்களில், இந்த அலட்சியத்தின் விளைவு இன்னும் கடுமையானது. ஹொக்கைடோவின் பியே ஊரில் 'தத்துவ மரம்' எனப் பெயர் பெற்ற பாப்லர் மரம் ஒன்று தனித்து நின்றது. அதைப் படமெடுக்க வந்தவர்கள் எச்சரிக்கைகளையும் மீறிப் பயிருக்குள் நுழைந்துகொண்டே இருந்ததால், நிலத்தின் உரிமையாளர் 2016 பிப்ரவரியில் அதை வெட்டி வீழ்த்தினார்.