தானே குழிக்குள் ஓடிய ரேசர்: ரோபோ சண்டை அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிமோட்டில் ஓடும் ரோபோக்கள் களத்தில் மோதிக்கொள்ளும் பிரிட்டனின் 'ரோபோ வார்ஸ்' தொலைக்காட்சிப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் ரேசர் என்று சொன்னால் போதும், கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கும். கழுகின் அலகு போல வளைந்த எஃகுக் கொக்கி ஹைட்ராலிக் அழுத்தத்தில் நிதானமாக இறங்கி, எதிரியின் கவசத்தைத் துளைத்து உள்ளே போகும். இயன் லூயிஸ், சைமன் ஸ்காட், வின்சென்ட் பிளட் ஆகிய மூவரும் சேர்ந்து கட்டிய ரோபோ அது. வடிவமைப்புக்காகப் பரிசு வாங்கிய ரோபோ. அப்படிப்பட்ட ரேசர் நான்காம் தொடரில் புஸ்ஸிகாட் என்ற ரோபோவுடன் மோதியபோது, களத்தில் இருந்த குழிக்குள் தானே ஓடி விழுந்து தோற்றது.

ஓர் அணியின் போட்டி வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தோல்வியைத்தான். வெற்றிகளைத் தொகுத்த வீடியோவில் ஆயுதம் மட்டுமே தெரியும். சக்கரம், செயின், ஒயர், ஓட்டுநரின் விரல் ஆகியவை வெளிப்படும் இடம் தோல்விதான். இரண்டாம், மூன்றாம், நான்காம் தொடர்கள் மூன்றிலும் ரேசர் தன் பிரிவுச் சுற்றைத் தாண்டவில்லை. எல்லோரும் அஞ்சிய ஆயுதம் அதனிடம் அப்போதே இருந்தது. இருந்தும், தேசியப் பட்டம் ஐந்தாம் தொடரில்தான் கிடைத்தது. அந்த இறுதிச் சுற்றில் எதிரே நின்றது பிக்கர் பிரதர் என்ற ரோபோ.

புதிதாக ரோபோ கட்டும் கல்லூரி மாணவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. எடையும் பணமும் நேரமும் ஆயுதத்துக்கே போகின்றன; சக்கரத்துக்கு மிச்சம் மீதி. ஆயுதம் நின்றுபோன ரோபோவால் முட்டியும் தள்ளியும் மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்க முடியும். சக்கரம் நின்றுபோனால் நடுவர் தோல்விக்கான எண்ணிக்கையைத் தொடங்கிவிடுவார், அவ்வளவுதான். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரியோபாட்ஸ் அணி (மினோட்டார் என்ற ரோபோவால் அறியப்பட்டவர்கள்) தாங்கள் கற்றதையெல்லாம் ஒரு பெரிய கையேடாக எழுதி இலவசமாகவே கொடுத்தது. மொத்த எடையில் ஓட்டத்துக்கு 30 சதவீதம், ஆயுதத்துக்கு 30, சட்டகத்துக்கும் கவசத்துக்கும் 25, பேட்டரிக்கும் மின்னணுவுக்கும் 15 என்ற பங்கீடு அதில் உண்டு. 15 கிலோ ரோபோ என்றால் ஆயுதத்துக்கு நாலரை கிலோ, மோட்டார், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்கும் அதே நாலரை கிலோ. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆயுதம் பாதி எடையை விழுங்கிவிட்ட வரைபடத்தை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி சக்கரத்தைப் பற்றித்தான் இருக்கும்.

அடுத்தது, சுழலும் ஆயுதத்தின் வேகத்தைப் பற்றிய மயக்கம். சுழற்சி வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதில் பிழை இல்லை. அந்த ஆற்றல் எதிரிக்குள் போய்ச் சேருமா என்பது வேறு கணக்கு. நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும் டிரம்மில் (சுழலும் உருளை ஆயுதத்தில்) இரண்டு பற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் 200 பற்கள் ஒரே இடத்தைக் கடக்கும். ரோபோ நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எதிரியை நெருங்கினால், ஒரு பல் போய் அடுத்த பல் வருவதற்குள் எதிரியின் உடல் உள்ளே நுழைவது வெறும் 15 மில்லிமீட்டர். பல் கடிக்கும் ஆழம் அதைத் தாண்டாது. பற்களை நான்காக்கினால் 7.5 மில்லிமீட்டர், அப்போது ஆயுதம் கடிக்காது, தேய்த்துக்கொண்டு பொறி பறக்க விடும். கூட்டம் கைதட்டும், எதிரிக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றைப் பல் வைத்து, எதிர்ப்பக்கம் எடையைச் சமன் செய்துகொண்டால் 30 மில்லிமீட்டர் கிடைக்கும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் கடி ஆழமாகும். நேராக ஓடிப் போய் மோதும் துணிவும் வேண்டும். நின்ற இடத்தில் ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டு எதிரி வரட்டும் என்று காத்திருப்பது அழகான காட்சி, மோசமான உத்தி.

டிரம் அல்லது செங்குத்து வட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பம்பரத்தைப் போலச் சுழலும் ஆயுதம், ரோபோ சட்டென்று திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பட்டறையில் ஆயுதத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பழகியவர்கள் களத்தில் இதை முதன்முறையாகச் சந்தித்துத் தடுமாறுகிறார்கள். தகுந்த பாதுகாப்புக் கூண்டுக்குள், ஆயுதம் முழு வேகத்தில் சுழலும்போது ஓட்டிப் பழகாதவர் பழகியவர் ஆகமாட்டார்.

வென்ற வடிவத்தையே பிடித்துக்கொண்டு தொங்குவதும் ஒரு தவறு. அமெரிக்காவின் 'பேட்டில்பாட்ஸ்' போட்டியில் பால் வென்டிமில்யாவின் பைட் ஃபோர்ஸ் 2015-இல் பட்டம் வென்றது. அப்போது அதன் ஆயுதம் எதிரியைப் பற்றித் தூக்கும் கை. மறு ஆண்டே நடுவர்களின் தீர்ப்பில் சாம்ப் என்ற ரோபோவிடம் தோற்று வெளியேறியது. நம்மில் பலர் அந்த இடத்தில் நடுவரைத் திட்டிவிட்டு அதே கையை இன்னும் கொஞ்சம் பலப்படுத்தியிருப்போம். பைட் ஃபோர்ஸ் 2018-இல் திரும்பி வந்தபோது செங்குத்தாகச் சுழலும் ஆயுதத்தோடு, அடையாளமே தெரியாதபடி வந்தது. அந்த ஆண்டும் பட்டம், 2019-லும் பட்டம்.

எதிரியும் உங்கள் வரலாற்றைப் படிக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. ரோபோ வார்ஸ் ஆறாம் தொடரின் இறுதிச் சுற்றில் ரேசரைச் சந்தித்த டொர்னேடோ, தன்னைச் சுற்றி ஓர் அகலமான தடுப்புச் சட்டகத்தைப் பொருத்திக்கொண்டு வந்தது. புகழ்பெற்ற அந்த அலகால் அதன் உடலை எட்ட முடியவில்லை. பட்டம் டொர்னேடோவுக்குப் போனது. இது விளையாட்டு உணர்வா, தந்திரமா என்று ரசிகர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். எனக்கு ரேசர்மீது தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் டொர்னேடோவின் பக்கம்தான் நிற்பேன். களத்தில் இறங்க அனுமதிக்கப்பட்ட சட்டகம் அது. ஒரே ஒரு தாக்குதல் முறையை நம்பியிருக்கும் அணி, அதை யாராவது தடுத்தால் என்ன செய்வது என்று போட்டிக்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

சில்லறைத் தவறுகள் நிறைய. நட்டு கழன்றுவிடாமல் இருக்கப் பசை போட மறப்பது. மோதலின் அதிர்வில் பிடுங்கிக்கொள்ளும் மின் இணைப்பைக் கட்டாமல் விடுவது. கவிழ்ந்தால் நிமிர வழியில்லாத வடிவம். உதிரிப் பெல்ட் கொண்டுவராமல் பக்கத்து மேசையில் கடன் கேட்பது. ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டார்கள் தானாக நிற்க வேண்டும் என்ற பாதுகாப்புச் சோதனையைப் போட்டியன்று காலையில் முதன்முறையாகச் செய்து பார்ப்பது. இவற்றில் எதற்கும் விளக்கம் தேவையில்லை.

லித்தியம் பாலிமர் பேட்டரி மட்டும் சில்லறை அல்ல. அடிபட்டு உப்பிய பேட்டரியை 'இன்னும் ஒரு சண்டைக்குத் தாங்கும்' என்று திரும்ப மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தீப்பிடித்தால் ரோபோவோடு போகாது, மேசையையும் சேர்த்து எரிக்கும். அதேபோல ஆயுதம் அசையாமல் பிடிக்கும் பூட்டை, ரோபோ களத்துக்குள் வைக்கப்படும் வரை யாரும் கழற்றக் கூடாது. சண்டை முடிந்ததும் பூட்டை மாட்டிவிட்டுத்தான் கைகுலுக்கல்.

நடுவர் தீர்ப்பு அநியாயம் என்று புலம்பும் அணிகளில் பாதிக்கு மதிப்பெண் முறை தெரியாது. பேட்டில்பாட்ஸின் அண்மைத் தொடர்களில் ஒரு நடுவரின் கையில் 11 புள்ளிகள்: சேதத்துக்கு 5, கட்டுப்பாட்டுக்கு 3, முனைப்புக்கு (எதிரியைத் தேடிப் போய்த் தாக்குவதற்கு) 3. மூன்று நிமிடமும் எதிரியைச் சுவரோடு சுவராகத் தள்ளிக்கொண்டிருந்தாலும், உங்கள் ரோபோவின் கவசம் மட்டும் கிழிந்து தொங்கினால் முடிவு உங்களுக்குப் பாதகமாகவும் வரக்கூடும். முன்னிலையில் இருக்கிறோம் என்று நினைத்துக் கடைசி நிமிடத்தில் விலகி ஓடினால் முனைப்புப் புள்ளியும் போகும்.

கடைசியாக, வரலாற்றைப் படிக்கிறவர்கள் செய்யும் தவறு: கோப்பைகளை எண்ணுவது. பிரிட்டனில் மீண்டும் தொடங்கிய 'ரோபோ வார்ஸ்' மூன்று தொடர்கள் நடந்தது. 2016-இல் அப்போலோ, 2017-இல் கார்பைட், அதற்கு அடுத்த தொடரில் இரப்ஷன் என்று மூன்று சாம்பியன்கள், ஆளுக்கொரு கோப்பை. மூன்றும் சமம் என்று தோன்றும். ஆனால் அந்த மூன்று தொடர்களிலும் இறுதிச் சுற்றில் கார்பைட் இருந்தது. அப்போலோ, இரப்ஷன் இரண்டும் பட்டம் வாங்கியது கார்பைடைத் தோற்கடித்துத்தான். கார்பைட் அணியின் பதிவேட்டில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த இரண்டு தோல்விகளை.