மாற்றாந்தந்தைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்கெனவே பிள்ளைகள் உள்ள பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளும் கிறிஸ்தவ ஆண்கள், அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல தகப்பனாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே ஜெபிக்கிறார்கள். அப்புறம் அவசரத்தால் சறுக்குகிறார்கள்.

"இனிமேல் என்னை அப்பான்னுதான் கூப்பிடணும்" என்பது முதல் சறுக்கல். பத்து வயதுப் பிள்ளையின் மனதில் அப்பாவுக்கு ஒரு முகம் இருக்கிறது. மாமா என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும். இயேசுவை வளர்த்த தகப்பன் யோசேப்பு பேசியதாகச் சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. குழந்தைக்குப் பெயரிட்டார், ஏரோது ராஜாவுக்குத் தப்ப இரவோடு இரவாக எகிப்துக்குக் கொண்டுபோனார், பன்னிரண்டு வயதில் எருசலேமில் காணாமல் போனபோது தேடி அலைந்தார். "உன் தகப்பனும் நானும்" என்று அவரைத் தகப்பனாக்கிப் பேசுவது மரியாள்தான்.

அடுத்தது கண்டிப்பு. நீதிமொழிகள் 13:24-ஐச் சொல்லிப் பிரம்பை எடுப்பவர்கள் கொலோசெயர் 3:21-ஐயும் வாசிக்க வேண்டும். பிள்ளைகள் 'திடனற்றுப்போகாதபடி' அவர்களைக் கோபப்படுத்த வேண்டாம் என்று பவுல் பிதாக்களுக்குத்தான் எழுதுகிறார். அன்பு வேர்விடாத வீட்டில் அடித்தால், "என்னைக் கேட்க நீங்க யாரு?" என்ற கேள்விதான் வரும். ஆரம்ப காலத்தில் தாயே கண்டிக்கட்டும், நீங்கள் அவருக்குத் துணை நில்லுங்கள். குடும்ப ஜெபத்தில் "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிதலைத் தாரும்" என்று எல்லார் காதிலும் விழ ஜெபிப்பதும் அடிதான். பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.

இறந்துபோன தகப்பனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றாதீர்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று பிள்ளையோடு நீங்களும் போங்கள். பூவும் மெழுகுவர்த்தியும் நீங்களே வாங்குங்கள். அவர் உயிரோடு பிரிந்திருப்பவர் என்றால் பிள்ளை எதிரில் குறை பேச வேண்டாம். தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளை அந்தப் பிள்ளைக்கு இன்னும் இருக்கிறது.

சொந்தக் குழந்தை பிறந்ததும் பாரபட்சம் வரும். யாக்கோபு தன் மகன்களில் ஒருவனுக்கு மட்டும் பலவருண அங்கி தைத்ததில், மற்ற மகன்கள் அவனைப் பகைத்து விற்றுப்போட்ட வினை தெரிந்ததுதான்.

சபைகளில் யாரும் பேசாத ஒரு தவறும் உண்டு: பிள்ளையின் சொத்துப் பங்கை யோசிக்காமல் விடுவது. நியாயாதிபதிகள் 11-இல், வேறொரு பெண்ணுக்குப் பிறந்த யெப்தாவை, தகப்பன் வீட்டில் உனக்குச் சுதந்தரம் (சொத்தில் பங்கு) இல்லை என்று சொல்லித்தான் சகோதரர்கள் துரத்துகிறார்கள். நம் ஊரில் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவியின் முந்தைய பிள்ளை உங்கள் வாரிசு ஆகாது. சட்டப்படி தத்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் உயில் எழுத வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக எழுதி, அதில் பங்கு பெறாத இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.